கொடுத்த கைக்கே பறிக்கும் உரிமை

ஓட்டு வாங்கும் வரையில் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். வாங்கிய பின் ஏறெடுத்தும் பாரார்கள். ஓட்டளித்தவன் வாயிலில் நிற்பான், ஒப்பந்தக்காரன் உள்ளே உட்கார்ந்திருப்பான்! அடுத்த தேர்தல் வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பதன்றி மக்களுக்கு வேறு வழியே இல்லையா? உண்டு என்று அமெரிக்க நாட்டிலே செய்து காட்டிய ஒருவரைப் பற்றித்தான் இன்று நாம் எழுதுகிறோம். அவர் அரசியல்வாதியல்ல, மருத்துவர். பெயர் ஜான் ராண்டால்ஃப் ஹேன்ஸ்.

பென்சில்வேனியாவில் 1853-ல் பிறந்து, 1874-ல் மருத்துவப் பட்டம் பெற்று, 1887-ல் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடியேறினார். வைத்தியத்திலே பொருள் சேர்ந்தது; நிலத்திலே போட்ட பணம் அதைப் பெருக்கிற்று. செல்வச் சீமான் சமதர்மம் பேசினார் என்றால் நகைக்கத்தான் தோன்றும். ஆயினும் இவர் பேசியதோடு நின்றவரல்லர்.

அந்த நகரின் பெயருக்குத் தேவதைகள் என்று பொருள். ஆட்சியோ தெற்குப் பசிபிக் ரயில்வே கம்பெனியின் பிடியிலே! ட்ராம் வண்டியில் அடிபட்டோர்க்கு வைத்தியம் செய்வதோடு நில்லாமல், வண்டியின் முன்னே பாதுகாப்புத் தடுப்புப் பொருத்த வேண்டும் என்று டாக்டர் போராடினார். கம்பெனிக்காரர் குரல் எட்டிய நகரமன்றச் செவிக்கு, காயம்பட்டோர் குரல் எளிதில் எட்டவில்லை. நோய் எங்கேயிருக்கிறது என்று டாக்டருக்கு விளங்கிற்று.

மருந்தையும் அவரே எழுதினார். நகரின் புதிய சாசனத்தில் ஒரு விதியைச் சேர்க்கப் பாடுபட்டார். ஒரு வட்டாரத்தில் சென்ற தேர்தலில் பதிவான வாக்கில் நூற்றுக்கு 25 பங்கினர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால், அந்த வட்டார உறுப்பினர் பதவிக்கு உடனே மறுதேர்தல்! உறுப்பினரும் நிற்கலாம், வென்றால் இருக்கலாம், தோற்றால் இறங்க வேண்டும். 1902 டிசம்பரில் மக்கள் பெருவாரியாக ஒப்பினர். 1903-ல் விதி நடப்புக்கு வந்தது.

ஏட்டுச் சுரைக்காய் என்றுதான் எண்ணியிருப்பார் டேவன்போர்ட், ஆறாவது வட்டார உறுப்பினர். குறைந்த விலைக்குச் செய்ய ஆளிருக்க, நகராட்சி அச்சு வேலையைக் கூடுதல் விலைக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் ஏட்டுக்குக் கொடுக்க அவர் வாக்களித்தார். தொழிற்சங்கம் என்றாலே சீறிய ஏடு அது! அச்சுத் தொழிலாளர் சும்மா இருப்பார்களா? தாளும் மையும் தூக்கித் தெருத்தெருவாகப் புறப்பட்டனர். 1904 செப்டம்பரில் மறுதேர்தல், டேவன்போர்ட் தோற்றார். ஓர் அச்சு ஒப்பந்தம் ஓர் உறுப்பினரை உருட்டிவிட்டது.

அடுத்து மேயருக்கே வந்தது ஆபத்து. 1909-ல் மேயர் ஹார்ப்பர் மீது ஊழல் புகார்கள் குவிந்தன, மனு கிளம்பியது. வாக்குப் பெட்டியைச் சந்திக்குமுன் அவர் தாமாகவே விலகிக்கொண்டார். 1911-ல் ஹைரம் ஜான்சன் ஆளுநராயிருந்தபோது இவ்வுரிமை கலிபோர்னியா மாநிலம் முழுமைக்கும் பரவிற்று. நீதிபதிகளும் விலக்கல்ல என்றதும் எத்தனை கூச்சல்!

மறுப்புரைப்போர் சொல்வதில் உண்மை உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. கையெழுத்துச் சேகரிக்கக் கூலிக்கு ஆள் பிடிக்கலாம். காசுள்ளவன் தன் பகையைத் தீர்த்துக்கொள்ள மக்கள் பெயரைக் கடன் வாங்கலாம். தோற்ற கட்சி நாளும் மனுவோடு நிற்கலாம். கத்தி எவர் கையிலும் வெட்டும்தான். ஆனால் கையெழுத்து மனு எவரையும் இறக்கிவிடுவதில்லை, தேர்தலைத்தான் கொண்டுவருகிறது. கையெழுத்தைக் காசு கொடுத்து வாங்கியவனும் கடைசியில் வாக்குச் சாவடிக்கு வந்தாக வேண்டும். மூடிய அறையில் முடியும் பேரத்துக்கு அந்தத் தொல்லைகூடக் கிடையாதே!

1937 அக்டோபரில் டாக்டர் ஹேன்ஸ் மறைந்தார். மேயர் ஃபிராங்க் ஷாவின் ஆட்சி அப்போது ஊழலில் ஊறிக் கிடந்தது. 1938 ஜனவரியில், ஊழலைத் துருவிய ஒரு துப்பறிவாளரின் காரில் குண்டு வெடித்தது; குற்றவாளி என்று தீர்ப்பானவரோ நகரப் போலீஸ் அதிகாரி ஒருவர். அவ்வாண்டு செப்டம்பரில் நகர மக்கள் டாக்டர் தந்த விதியைக் கையிலெடுத்தனர். ஷா இறங்கினார், ஃபிளெட்சர் பௌரன் என்ற நீதிபதி மேயரானார்.