பாதாள ரெயிலுக்கு வித்திட்ட டாக்டர்

இந்தியாவிலேயே முதன்முதலாகப் பூமிக்கு அடியில் ரெயில் ஓடிய நகரம் கல்கத்தா. அந்த ரெயிலுக்கு வித்திட்டவர் என்ஜினீயர் அல்ல, ஒரு டாக்டர்! அவர்தான் டாக்டர் பி.சி.ராய்.

பிதான் சந்திர ராய் 1882–ம் ஆண்டு ஜூலை 1–ந் தேதி பாட்னாவில் பிறந்தார். கல்கத்தாவில் வைத்தியம் படித்தார். 1909–ல் லண்டன் போய், இரண்டே கால் ஆண்டில் எம்.ஆர்.சி.பி., எப்.ஆர்.சி.எஸ். ஆகிய இரண்டு பெரிய பட்டங்களுடன் திரும்பினார். காந்திஜிக்கு வைத்தியம் பார்த்தார். கல்கத்தா மேயராகவும் இருந்தார்.

பிதுங்கிய நகரம்

1948 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் ஆட்சிப் பொறுப்பு அவரிடம் வந்தது. தேசம் பிரிந்திருந்த சமயம். கிழக்கு வங்காளத்தில் இருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தனர். டிராம்களில் ஜனங்கள் தொங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த ஆண்டிலேயே சர்க்கார் பஸ்களை ஓடவிட்டார், ராய். அது போதாது என்று 1949–ல் பாதாள ரெயில் யோசனையை எடுத்தார். பிரெஞ்சு நிபுணர்கள் வந்து நகரத்தை ஆராய்ந்தார்கள். ஆனால் காரியம் நடக்கவில்லை.

காலணாவால் வந்த கலவரம்

போக்குவரத்துக்குப் பணம் யார் கொடுப்பது? இந்தக் கேள்வி 1953 ஜூலையில் தெருவுக்கே வந்துவிட்டது.

டிராம்களை நடத்தியது லண்டனில் பதிவான ஒரு கம்பெனி. அது இரண்டாம் வகுப்புக் கட்டணத்தைக் காலணா உயர்த்தியது. ராய் சர்க்கார் அதற்குச் சம்மதித்தது. காலணாதானே என்று ஏழைகள் விட்டுவிடவில்லை. கட்டணம் கொடுக்க மறுத்தார்கள். டிராம்கள் எரிந்தன. போலீசார் தடியடி நடத்தினர்; கண்ணீர்ப்புகை வீசினர். கடைசியில் கட்டண உயர்வு நிறுத்தப்பட்டது. ராயின் ஆட்சிக்கு அது பெரிய சறுக்கல்.

இருபது ஆண்டுத் திட்டம்

நகரத்தின் நோய் தீரவில்லை. பஸ், பாலம், குடிநீர், சாக்கடை என்று தனித்தனியாக ஒட்டுப்போடாமல், எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டம் தீட்ட 1961–ல் தனி அமைப்பு ஒன்றை ராய் ஏற்படுத்தினார். அமெரிக்காவின் போர்டு அறக்கட்டளை அதற்கு உதவியது. அந்த ஆண்டே அவருக்குப் பாரத ரத்னா விருதும் கிடைத்தது.

அந்த அமைப்பு, 1966–ல் 20 ஆண்டுத் திட்டத்தை வெளியிட்டது. அதைப் பார்க்க ராய் இல்லை. 1962 ஜூலை 1–ந் தேதி, தமது 80–வது பிறந்த நாள் அன்றே அவர் காலமாகிவிட்டார்.

35 ஆண்டுகள் கழித்து

பாதாள ரெயில் செலவைத் தாங்க மத்திய சர்க்கார் முன்வந்தது. ரெயில்வே இலாகா வேலையை ஏற்றது. 1972 டிசம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1984 அக்டோபர் 24–ந் தேதி முதல் ரெயில் ஓடியது, தூரம் 3.4 கிலோ மீட்டர்தான்! டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை, சுமார் 16 கிலோ மீட்டர் பாதை 1995–ல்தான் முடிந்தது.

திட்டம் போடுகிறவருக்குப் பதவிக் காலம் உண்டு. ஆயுளுக்கும் எல்லை உண்டு. நகரத்துக்கு அப்படி இல்லை. அடுத்த தேர்தலை மட்டும் பார்க்கிறவர்களால் பாதாள ரெயில் விட முடியாது. அதே சமயம், செலவைச் சுமக்கப்போவது யார் என்பதை முதலிலேயே தீர்மானிக்காவிட்டால், காலணா கூடப் பெரும் கலவரமாகிவிடும். டாக்டர் ராயின் வாழ்க்கை இந்த இரண்டு பாடங்களையும் சொல்கிறது.