அடுப்படியில் ஓர் அருள்வாழ்வு

இன்றைய பிரான்சின் லொரேன் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் நிக்கோலா எர்மான். 18 வயதில் ஒரு குளிர்காலத்தில், இலையுதிர்ந்து நின்ற மரம் ஒன்றைக் கண்டார். அது மீண்டும் துளிர்க்கும் என்ற சிந்தனை இறைவனின் பேராற்றலை அவருக்கு உணர்த்தியது. போர்வீரராக இருந்து காயமுற்ற அவர், 1640-இல் பாரிஸ் நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்து சகோதரர் லாரன்ஸ் ஆனார்.

இயல்பாகவே அவருக்குப் பிடிக்காத சமையல் வேலைதான் அவருக்குத் தரப்பட்டது. சுமார் 15 ஆண்டுகள் அதைச் செய்தார். தொடக்கத்தில் ஏறத்தாழ 10 ஆண்டுகள் தம் பழைய பாவங்களை எண்ணித் துயருற்றார். அத்துயர் வாழ்நாள் முழுதும் நீடித்தாலும் இறைவனை நேசிப்பதைக் கைவிடுவதில்லை என்று உறுதி பூண்டார். அதன்பின்னரே மன அமைதி கிட்டியது.

பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும் அவரது உள்ளம் இறைவனோடு உரையாடிக்கொண்டிருந்தது. வாணலியில் ஆம்லெட்டைப் புரட்டுவதையும் இறையன்புக்காகவே செய்தார். வேலை முடிந்ததும் தரையில் விழுந்து வணங்கினார். பிற்காலத்தில் காலணி செப்பனிடும் பணியையும் அவ்வாறே ஏற்றார்.

1691-இல் அவர் மறைந்த பிறகு அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் நூலாயின. விருப்பமில்லாத வேலையும் இறைவனுக்கென்று செய்யப்படும்போது வழிபாடாகிறது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.