பழைய காரை மதிக்காத மனிதர்: என்ஸோ ஃபெராரி

ஹாஸ்டல்ல தூக்கம் வராத ராத்திரிகளில் நான் பார்க்கிறது ரெஸ்டோரேஷன் வீடியோதான். துருப்பிடிச்சுக் கிடக்கும் ஒரு காரை நட்டு நட்டா கழட்டி, தொழிற்சாலை கேட்டைத் தாண்டின நாளில் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கொண்டுவருவாங்க. அதில் உச்சம்னா 1960-களின் ஃபெராரிதான். சேஸி நம்பர், எஞ்சின் நம்பர், கியர்பாக்ஸ் நம்பர் எல்லாம் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்போகணும். கார்புரேட்டர் அதே வெபர், கம்பிச் சக்கரம் அதே போரானி. ஒரு போல்ட் மாறினாலும் கேள்வி கேட்பாங்க.

ஆனா அந்தக் கார்களைக் கட்டிய மனிதரைப் பற்றிப் படிச்சப்போ எனக்கு ஆச்சரியம். அவருக்குப் பழைய கார் மேல பெரிய பாசமே இருந்ததில்லை! இந்த இதழில் அவரோட கதை.

என்ஸோ ஃபெராரி 1898 பிப்ரவரியில் இத்தாலியின் மோடெனா நகரில் பிறந்தார். அப்பா ரயில்வேக்கு உலோக வேலை செய்து கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். 1908-ல் அப்பா அவரை பொலோன்யாவில் ஒரு கார் ரேஸுக்குக் கூட்டிப்போனார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் கடைசிவரை விடவில்லை. 1916-ல் அப்பாவும் அண்ணனும் ஒரே வருஷத்தில் இறந்துபோனார்கள். முதல் உலகப்போரில் மலைப் பீரங்கிப் படையில் என்ஸோவுக்குக் கிடைத்த வேலை, கோவேறு கழுதைகளுக்கு லாடம் அடிப்பது. அங்கேயும் நோயில் விழுந்து, படையிலிருந்து வெளியே வந்தார்.

1918 குளிர்காலத்தில் டூரின் நகருக்குப் போய் ஃபியட் கம்பெனியில் வேலை கேட்டார். இல்லைன்னுட்டாங்க. பக்கத்துப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தனியா அழுதார். பிளேஸ்மென்ட் சீசனைத் தாண்டி வந்த நமக்கு அந்த பெஞ்ச் எப்படிப்பட்டதுன்னு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1920-ல் ஆல்ஃபா ரோமியோவின் ரேஸ் டிரைவர் ஆனார். அதே வருஷம் சிசிலியின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் இரண்டாம் இடம். ஆனா அவரோட உண்மையான திறமை ஸ்டியரிங்கில் இல்லை, சரியான ஆட்களைச் சேர்த்து வேலை வாங்குவதில் இருந்தது. 1929-ல் மோடெனாவில் ஸ்கூடேரியா ஃபெராரி என்ற ரேஸ் குழுவைத் தொடங்கி, ஆல்ஃபாவின் கார்களை ஓட்டினார். 1939-ல் ஆல்ஃபாவோடு பிரிவு. நான்கு வருஷம் தன் சொந்தப் பெயரில் ரேஸில் இறங்கக் கூடாது என்று நிபந்தனை. அதனால் 1940-ல் அவர் கட்டிய 815 என்ற காரில் ஃபெராரி என்ற பெயரே இல்லை. ஃபியட் பாகங்களை வைத்துச் செய்த இரண்டு கார்கள். மில்லே மில்யா ரேஸில் இரண்டுமே பாதியில் நின்றுவிட்டன. பிற்காலத்தில் ஒன்று பழைய இரும்பாக உடைக்கப்பட்டது.

போர்க்காலத்தில் தொழிற்சாலை மரனெல்லோவுக்கு மாறியது. அதன்மேலும் குண்டு விழுந்தது. திரும்பக் கட்டி, 1947-ல் 12 சிலிண்டர், 1.5 லிட்டர் எஞ்சினோடு 125 எஸ் வெளியே வந்தது. ஃபெராரி பெயர் தாங்கிய முதல் கார்! இன்றைக்கு இருந்தால் கோயில் கட்டியிருப்பாங்க. ஆனா செய்த இரண்டையும் தொழிற்சாலையே பிரித்துவிட்டது.

என்ஸோவின் கணக்கு எளிமையானது. ரேஸ் ஓட்டப் பணம் வேண்டும், அதுக்காக ரோட்டில் ஓடும் கார்களை விற்கணும். போன சீசன் ரேஸ் கார்னா வித்துடு, இல்லைன்னா உடைச்சுடு. 1961-ல் ஃபில் ஹில்லுக்கு உலகச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த, சுறா மூக்கு கொண்ட 156-ல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்போ கண்காட்சிகளில் நிற்பவை பின்னாளில் செய்த நகல்கள்.

அவரால் சரிசெய்ய முடியாத ஒன்று வீட்டில் இருந்தது. மகன் டினோவுக்குத் தசைச் சிதைவு நோய். என்ஸோ அதையும் எஞ்சின் சோதனை மாதிரியே அணுகினார். எந்த உணவில் எத்தனை கலோரி, ரத்தத்தில் யூரியா எவ்வளவு என்று தினமும் நோட்டில் குறித்து வந்தார். 1956 ஜூன் 30 அன்று, 24 வயதில் டினோ இறந்தான். அடுத்த வருஷமே மில்லே மில்யாவில் ஒரு ஃபெராரியின் டயர் வெடித்து, காரில் இருந்த இருவரும் பார்வையாளர்கள் ஒன்பது பேரும் பலியானார்கள். அந்த ஒன்பதில் ஐந்து பேர் குழந்தைகள். என்ஸோ மேல் வழக்குப் போட்டார்கள், 1961-ல்தான் விடுபட்டார்.

அந்த வருஷக் கடைசியில் முக்கியமான இன்ஜினியர்களும் அதிகாரிகளும் மொத்தமாக வெளியேறினார்கள். பாதியில் நின்ற 250 ஜி.டி.ஓ. வேலையை முடிக்கும் பொறுப்பு 26 வயது மௌரோ ஃபோர்கியேரி கைக்கு வந்தது. நம்மைவிட அஞ்சு வயசுதான் கூட! 3 லிட்டர், 12 சிலிண்டர், ஆறு இரட்டை வெபர் கார்புரேட்டர், சுமார் 300 குதிரைத்திறன். 1962 முதல் 1964 வரை செய்தது 36 கார்கள்தான்.

ரெஸ்டோரேஷன் செய்பவர்களுக்குத் தலைவலி இங்கேதான் ஆரம்பிக்குது. அதன் அலுமினிய பாடியை மோடெனாவில் ஸ்காலியெட்டி பட்டறைக்காரர்கள் சுத்தியலால் கையாலேயே தட்டிச் செய்தார்கள். ஒரு காரைப் போல இன்னொன்று இருக்காது. ரேஸுக்காக அவசரத்தில் போட்ட வெல்டிங் கரடுமுரடா இருக்கும். அதை இன்றைக்கு வழுவழுன்னு தேய்ச்சுப் பளபளப்பாக்கினால் அது ஒரிஜினல் இல்லை. அழகா செய்ததே தப்பாகிவிடும்!

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 1964-ல் நான்கு பழைய ஜி.டி.ஓ.க்களுக்குப் புது வடிவ பாடி மாட்டினார்கள். அப்போ எது ஒரிஜினல்? 1962-ல் பிறந்த உருவமா, 1964-ல் ரேஸுக்காக மாறிய உருவமா? அந்த நான்கில் ஒன்று 2018-ல் கலிஃபோர்னியாவில் ஏலத்துக்கு வந்தது. 1964-ன் பாடியோடுதான் நின்றது. விலை 4.84 கோடி டாலர். மாறினதும் அந்தக் காரின் வரலாறுதான்னு ஏற்றுக்கொண்டதால் யாரும் அதை 1962-க்குத் திருப்பவில்லை. ஒரு ஜி.டி.ஓ. அமெரிக்காவில் டெக்சாஸின் ஒரு பள்ளிக்குத் தானமாகப் போய், 1972-ல் வெறும் 6,500 டாலருக்குக் கைமாறியிருக்கிறது என்றால் நம்புவீங்களா?

1969-ல் ஃபெராரியின் பாதிப் பங்கை வாங்கியது யார் தெரியுமா? அன்றைக்கு வேலை இல்லைன்னு அனுப்பிய அதே ஃபியட். 1988 ஆகஸ்ட் 14 அன்று, 90 வயதில் என்ஸோ மறைந்தார்.

இன்று மரனெல்லோவில் ஃபெராரி கிளாசிக்கே என்ற பிரிவு, பழைய கார்களைப் புதுப்பித்துச் சான்றிதழும் தருகிறது. அவர்களால் அது முடிவதற்குக் காரணம், தொழிற்சாலை பத்திரமாக வைத்திருந்த வரைபடங்களும் பதிவுகளும். காரை உடைத்தவர்கள் காகிதத்தைக் கிழிக்கவில்லை. டினோவுக்காக நோட்டு எழுதிய அதே பழக்கம்தான் கம்பெனியிலும் இருந்திருக்குமோன்னு எனக்குத் தோணும்.

நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட் லாக்புக்கை ரிவியூவுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து மொத்தமா நிரப்புறோம். எந்த பேரிங்கை ஏன் மாத்தினோம்னு நமக்கே ஞாபகம் இருக்காது. இதை எழுதி முடிச்சதும் எங்க டீம் லாக்புக்கை எடுத்தேன். முதல் தடவையா, அன்னைக்கு நடந்ததை அன்னைக்கே தேதி போட்டு எழுதினேன்.