காரைக்குடிக்குப் படிக்க வரவைத்தவர்

கவுன்சலிங் நேரத்துல சாய்ஸ் லிஸ்ட் போட்டது ஞாபகம் இருக்கா? முதல்ல சென்னை, அப்புறம் கோவை, அதுக்கப்புறம்தான் மத்த ஊர். ஆனா காரைக்குடியையும் நம்மில் பலர் அந்த லிஸ்ட்ல சேர்த்திருப்போம். பெரிய நகரம் கிடையாது, வற்றாத ஆறும் கிடையாது. வறண்ட பூமி. அங்கே படிக்கணும்னு வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஏன் தோணுது? அதுக்கு அழகப்ப செட்டியாரைத் தெரிஞ்சுக்கணும்.

1909 ஏப்ரல் 6 அன்று காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள கோட்டையூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எம்.ஏ., பிறகு லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. அங்கேயே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து கேரளத்தில் நூற்பாலை நடத்தினார். ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனமும் அவருடையதுதான்.

1944-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்ச ரூபாய் கொடுத்தார். கிண்டியில் இன்று நாம் ஏ.சி. டெக் என்று சொல்கிறோமே, அந்தக் கல்லூரி அப்படி வந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தாலே பேர் நின்றிருக்கும். ஆனால் அவர் ஊர்ப் பையன் படிக்க அப்பவும் சென்னைக்குத்தான் ரயில் ஏறணும்.

1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. வசதி படைத்தவர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் ஏ.எல். முதலியார் அங்கே கேட்டுக்கொண்டார். காரைக்குடியில் கல்லூரி தொடங்க ஒரு லட்சம் தருவதாக அழகப்பர் அறிவித்தார். அந்த ஆகஸ்டிலேயே, காந்தி மாளிகை என்ற கட்டடத்தில் வகுப்பு ஆரம்பித்துவிட்டது!

அடுத்ததுதான் முக்கியம். நாடு முழுக்கத் தேசிய ஆய்வகங்கள் அமைக்க மத்திய அரசு திட்டமிட்ட காலம் அது. பெரிய நகரங்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம். அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தர முன்வந்தார். 1948 ஜூலையில் நேரு காரைக்குடி வந்து அடிக்கல் நாட்டினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அதாவது நம்ம செக்ரி, 1953-ல் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய வருஷமே பொறியியல் கல்லூரி வந்தாச்சு. கூடவே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பாலிடெக்னிக், பள்ளிகள்.

இதை ஒரு இன்ஜினியர் மாதிரி யோசிச்சுப் பாருங்க. கட்டடம் கட்டினா மட்டும் மாணவர் வரமாட்டாங்க. நல்ல பேராசிரியர் வேணும். அவர் சின்ன ஊருக்குக் குடிவரணும்னா ஆய்வு செய்ய லேப் வேணும், அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேணும். ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வரும். அழகப்பர் தனித்தனியா கல்லூரி கட்டலை, ஒரு ஊரையே படிப்புக்கு ஏற்ற இடமா மாத்தினார்.

அதுக்கு அவர் கொடுத்த விலை பெரிசு. சொத்து கரைந்தது, உடம்பும் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் சொந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தார். 1956-ல் பத்மபூஷண் வந்தது. 1957 ஏப்ரல் 5, தன் 48-வது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பு காலமானார்.

1985-ல் தமிழ்நாடு அரசு அவர் பெயரிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தை உருவாக்கியது. பொறியியல் கல்லூரியும் இன்று அரசுக் கல்லூரி. ஒரு தனி மனிதர் போட்ட விதை, பொதுச் சொத்தாகிவிட்டது.

இன்னைக்குக் கல்லூரிகள் பேனர் வைக்குது, ரீல்ஸ் போடுது. தப்பில்லை. ஆனா அடுத்த முறை உங்க தம்பியோ தங்கச்சியோ காலேஜ் தேடும்போது, ஊர் பெரிசா சின்னதான்னு மட்டும் பார்க்காதீங்க. அந்த ஊர்ல லேப் என்ன இருக்கு, சொல்லிக்கொடுக்க யார் தங்கியிருக்காங்க என்று விசாரிக்கச் சொல்லுங்க.