ஹெர்பர்ட் சாப்மன்

ஹெர்பர்ட் சாப்மன் (சனவரி 19, 1878 – சனவரி 6, 1934) இங்கிலாந்தைச் சேர்ந்த காற்பந்தாட்டக்காரரும் அணி மேலாளரும் ஆவார். ஹடர்ஸ்பீல்ட் டவுன், ஆர்சனல் ஆகிய கழகங்களை முன்னணிக்குக் கொண்டுவந்தவர். தற்காப்பை அணி முழுவதும் சேர்ந்து பயில வேண்டிய ஓர் ஒழுங்காக மாற்றிய பயிற்றுநர்களில் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார்.

இளமை

யார்க்சயரில் உள்ள கிவெட்டன் பார்க் என்னும் ஊரில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். செபீல்டில் சுரங்கப் பொறியியல் பயின்றார். நார்தாம்ப்டன் டவுன், டோட்டன்காம் ஹாட்ஸ்பர் உள்ளிட்ட பல கழகங்களுக்கு ஆடினாலும் ஆட்டக்காரராகப் பெரும்புகழ் பெறவில்லை.

மேலாளராக

1907 இல் நார்தாம்ப்டன் டவுனின் மேலாளரானார். அக்கழகம் 1908–09 இல் தெற்குக் கூட்டிணைவில் வாகை சூடியது. 1912 இல் லீட்ஸ் சிட்டி கழகத்தில் சேர்ந்தார். போர்க்காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு முறைகேடாகப் பணம் கொடுத்ததாக எழுந்த குற்றச்சாட்டால் அக்கழகம் 1919 இல் கலைக்கப்பட்டது. சாப்மனுக்கும் தடை விதிக்கப்பட்டது. அக்காலத்தில் தாம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் பணியாற்றியதைக் காட்டி மேல்முறையீட்டில் தடையை நீக்கிக்கொண்டார். 1921 இல் ஹடர்ஸ்பீல்டின் பொறுப்பை ஏற்றார். அவ்வணி 1922 இல் எஃப்.ஏ. கோப்பையையும், 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் கூட்டிணைவுப் பட்டத்தையும் வென்றது.

ஆஃப்சைடு விதி மாற்றம்

1925 வரை, பந்து தம்மை நோக்கி அடிக்கப்படும்போது முன்கள ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவராவது இருக்கவேண்டும். எனவே பின்காவலர் ஒருவர் சற்று முன்னேறி நின்றாலே தாக்குதலை முறியடிக்க முடிந்தது. 1925 இல் இவ்வெண்ணிக்கை இரண்டாகக் குறைக்கப்பட்டது. முதற்பிரிவில் ஒரு பருவத்தில் அடிக்கப்பட்ட கோல்கள் 1,192 இலிருந்து 1,703 ஆக உயர்ந்தன.

அவ்வாண்டு ஆர்சனலில் சேர்ந்த சாப்மனின் அணி, அக்டோபர் 3 அன்று நியூகாசில் யுனைட்டெடிடம் 0–7 என்ற கணக்கில் தோற்றது. அணித்தலைவர் சார்லி புக்கானின் யோசனையை ஏற்று, நடுக்களத்தில் ஆடிவந்த சென்டர் ஹாஃபை இரு பின்காவலர்களுக்கு நடுவே பின்னிறக்கினார் சாப்மன். நடுக்களத்தில் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்ப முன்கள ஆட்டக்காரர் ஒருவர் பின்னே வந்தார். இரு நாட்களுக்குப் பின் வெஸ்ட் ஹாமை 4–0 என ஆர்சனல் வென்றது.

தற்காப்புப் பயிற்சி

இம்முறை படிப்படியாக டபிள்யூ-எம் அமைப்பாக வளர்ந்தது. இதில் ஒவ்வொருவரின் பொறுப்பும் வரையறுக்கப்பட்டிருந்தது. பின்காவலர் இருவரும் எதிரணியின் ஓர முன்கள ஆட்டக்காரர்களையும், நடுப் பின்காவலர் மைய முன்கள ஆட்டக்காரரையும், ஏனைய இரு ஹாஃப்களும் உள் முன்கள ஆட்டக்காரர்களையும் கவனித்தனர்.

இதற்கேற்ற ஆட்டக்காரர்களைச் சிறு கழகங்களிலிருந்தும் தேர்ந்தெடுத்தார். ஆஸ்வெஸ்ட்ரி டவுனிலிருந்து வந்த ஹெர்பி ராபர்ட்ஸ் நடுப் பின்காவலராகவும், கெட்டரிங் டவுனிலிருந்து வந்த எடி ஹாப்குட் இடப் பின்காவலராகவும் புகழ்பெற்றனர். ஹாஃபாக ஆடிவந்த ஜார்ஜ் மேலை 1932 இல் வலப் பின்காவலராக மாற்றினார். ஆட்டக்காரர்களை வாரந்தோறும் கூட்டி ஆட்டத்தைப் பற்றிக் கலந்துரையாடுவதும் அவரது வழக்கம்.

எதிரணியை முன்னேற விட்டு, பந்தைக் கைப்பற்றியதும் அலெக்ஸ் ஜேம்ஸ் வழியாக விரைந்து தாக்குவது ஆர்சனலின் ஆட்டமுறை. 1930 இல் எஃப்.ஏ. கோப்பையையும், 1931, 1933 ஆகிய ஆண்டுகளில் கூட்டிணைவுப் பட்டத்தையும் ஆர்சனல் வென்றது. 1930–31 பருவத்தில் அது அடித்த கோல்கள் 127.

மதிப்பீடு

சென்டர் ஹாஃபைத் தடுப்பவராக மட்டும் சுருக்கியதால் ஆட்டத்தின் அழகு குன்றியது என்ற குறைகூறல் எழுந்தது. பல அணிகள் இவரது தற்காப்பு அமைப்பைப் பின்பற்றினாலும், அதை விரைவான எதிர்த்தாக்குதலுடன் இணைக்கும் திறன் அவற்றில் பலவற்றுக்கு வாய்க்கவில்லை.

மறைவு

1934 சனவரி 6 அன்று, 55 ஆவது வயதில் நிமோனியாவால் காலமானார். அவர் உருவாக்கிய அணி அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் பட்டம் வென்று, தொடர்ந்து மூன்று பட்டங்களைப் பெற்றது. 2011 இல் ஆர்சனலின் எமிரேட்சு அரங்கிற்கு வெளியே இவருக்குச் சிலை வைக்கப்பட்டது.