குளிரில் உறங்கிய செடியும் டார்வினும்

தாவரவியல் பயிலும் நாம் பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றிப் பாடநூலில் படித்திருக்கிறோம். அச்செடிகள் பூச்சியைப் பிடிப்பதால் உண்மையிலேயே பயன் பெறுகின்றனவா என்னும் ஐயம் ஒரு காலத்தில் அறிஞரிடையே இருந்தது. அது தீரும்வரை பொறுமையோடு உழைத்த பெருமகனார் சார்லஸ் டார்வின்.

1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் அவர் பிறந்தார். 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றினார். 1859இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. நாடெங்கும் அந்நூலைப் பற்றிய வாதம் மூண்டிருந்த 1860ஆம் ஆண்டுக் கோடையில், அவர் மனம் வேறொரு கவலையில் ஆழ்ந்திருந்தது. 1851இல் ஆனி என்னும் அருமை மகளைப் பறிகொடுத்தவர் அவர். இப்போது மற்றொரு மகள் ஹென்ரியெட்டாவும் நோயுற்றிருந்தாள். அந்நாட்களில் ஹார்ட்ஃபீல்டு என்னும் சிற்றூரில் தங்கியிருந்தபோதுதான், டிரொசீராச் செடியின் பசையுள்ள இலைகளில் எண்ணற்ற பூச்சிகள் ஒட்டிக் கிடக்கக் கண்டார்.

அன்று தொடங்கிய ஆராய்ச்சி 15 ஆண்டுகள் நீண்டது. இலைமீது இறைச்சித் துணுக்கு, முட்டையின் வெண்கரு, கண்ணாடித் துகள் ஆகியவற்றை வைத்துப் பார்த்தார். புரதமுள்ள பொருளை இலை செரித்தது, கண்ணாடியைச் செரிக்கவில்லை. தாமே நோயாளியாக இருந்தும் அவர் சோர்வடையவில்லை. 1875இல் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார்.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. செரித்த உணவு செடியை வளர்க்கிறது என்பதை நேரடிச் சோதனையால் அவர் நிறுவியிருக்கவில்லை. 1877இல் அவர் மகன் பிரான்சிஸ் அப்பணியை மேற்கொண்டார். செடிகளைத் தட்டுகளில் வளர்த்து, பூச்சி அணுகாதவாறு வலையால் மூடி, ஒரு பாதிக்கு மட்டும் இறைச்சித் துணுக்குகளை ஊட்டினார். ஊட்டம் பெற்றவை மிகுதியாக விதை தந்தன.

இனி வந்தது குளிர்காலம். அப்பருவத்தில் இச்செடியின் இலைகள் மடியும். மண்ணையொட்டி ஓர் இறுகிய மொட்டு மட்டுமே எஞ்சும். செடி செத்துவிட்டதென்று எண்ணி எறிந்துவிடலாகாது. ஈரம் காயாமல், உணவு ஊட்டாமல், அதன் உறக்கத்தைக் கலைக்காமல் காப்பதே முறை. பிரான்சிஸும் சில செடிகளை அவ்வாறே ஓய்வில் விட்டுவைத்தார். இளவேனிலில் இரு வகையும் துளிர்த்தபோது எடையிட்டுப் பார்த்தார். கோடையில் ஊட்டம் பெற்றவையே மிகுந்த எடை கொண்டிருந்தன. அன்று உண்டது மொட்டினுள் சேமிப்பாகிக் குளிரைக் கடந்து வந்திருந்தது!

தம் கருத்து மெய்ப்பட்டதைக் கண்டபின், 1882ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் டார்வின் மறைந்தார். மாணவ நண்பர்களே, இன்று கற்பதன் பயன் இன்றே தெரியாமற்போகலாம். வெறும் மொட்டாக உறங்கும் காலமும் வளர்ச்சியின் ஒரு பகுதியே என்பதை அந்தச் சிறு செடி நமக்கு உணர்த்துகிறது.