வ.உ.சி.யின் போராட்டமும் ஊர் செலுத்திய விலையும்

ஓர் ஊரில் போராட்டம் நடந்தால் அதன் செலவு யார் தலையில் விழுகிறது? கடையை அடைப்பவர், கடலுக்குப் போகாமல் கரையில் நிற்பவர், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப அஞ்சும் தாய் என எல்லோர் தலையிலும்தான். அதற்காகப் போராடும் உரிமையையே கைவிட்டுவிட முடியுமா? நாட்டுப் படகையும் சங்குக் குளிப்பையும் நம்பி வாழும் தூத்துக்குடி திரேஸ்புரம் மக்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. 1908ஆம் ஆண்டிலேயே தூத்துக்குடி இந்தக் கேள்வியைச் சந்தித்தது. அப்போது அதன் நடுவில் நின்றவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை.

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர், தந்தையைப் போலவே வக்கீலாகி, பின்னர் தூத்துக்குடிக்குக் குடிவந்தார். அன்று தூத்துக்குடி – கொழும்புக் கப்பல் போக்குவரத்து ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றின் கையில் இருந்தது. அதற்குப் போட்டியாக 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை அவர் பதிவு செய்தார். ஒரு பங்கின் விலை 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்ச ரூபாய் கொடுத்து 8,000 பங்குகளை வாங்கினார். நம் சமுதாயத்தவர் ஒருவரின் பெரும் பணம் அந்தக் கம்பெனியின் அடித்தளத்தில் இருந்ததை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டும். 1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்களும் வந்து சேர்ந்தன.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். வேலைநிறுத்தம் என்றால் அடுப்பு எரியாது என்பதை வ.உ.சி. அறிந்திருந்தார். ஆகவே பேச்சோடு நிற்காமல் நிதி திரட்டினார். பலருக்கு ஊரிலேயே மாற்று வேலையும் தேடிக் கொடுத்தார். ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில் கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. போராட்டத்தின் செலவை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, அதை ஏழையின் தலையில் மட்டும் சுமத்தாததால் கிடைத்த வெற்றி இது.

அடுத்த சில நாட்களில் நிலைமை தலைகீழானது. வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடும் முயற்சி ஆட்சியர் விஞ்சுக்குப் பிடிக்கவில்லை. மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சிவாவும் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டனர். மறுநாள் அந்நகரம் கொந்தளித்தது. நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், காவல் நிலையம் ஆகியவை தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போயின. கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் கூடியவர் அன்று காவலில் இருந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பொறுப்பான தலைவரைப் பிடித்து அடைத்தால் அமைதி வந்துவிடும் என்று நிர்வாகம் போட்ட கணக்கு தப்பாயிற்று.

அதன் பின் வந்தது தண்டனைப் போலீஸ். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கூடுதல் காவல் படையை நிறுத்தி, அதற்கான செலவை அரசு ஊர் மக்களிடமே வரியாக வசூலித்தது. கல்லெறிந்தவரும் கொடுக்க வேண்டும், வீட்டை விட்டு வெளியே வராதவரும் கொடுக்க வேண்டும். ஒருவரின் குற்றச் சுமையை இன்னொருவர் மீது ஏற்றக் கூடாது என்பது நம் மார்க்கம் கற்றுத் தரும் நீதி. அந்த நீதிக்கு நேர் எதிரானது இந்த வரி. குற்றவாளியைத் தேடிப் பிடிப்பது காவல்துறையின் வேலை. ஊரையே தண்டிப்பது அதன் வேலையாக முடியாது.

வ.உ.சி. செலுத்திய விலை இன்னும் பெரிது. 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும், கோவை, கண்ணனூர் சிறைகளில் அவர் வாடினார். கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அதற்குள் கப்பல் கம்பெனியும் கலைந்தது. 1912 டிசம்பரில் விடுதலையானபோது வக்கீல் தொழில் செய்யும் உரிமை அவரிடம் இல்லை. சிறு வியாபாரங்கள் செய்து வறுமையோடு போராடினார். நீதிபதி வாலஸ் அந்த உரிமையை மீட்டுக் கொடுத்த நன்றிக்காக, தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தம்மைச் சிறையில் தள்ளிய ஆட்சியைச் சேர்ந்தவரே ஆனாலும், நியாயம் செய்தவரை மறக்காத நெஞ்சம் அது. 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் அவர் உயிர் பிரிந்தது.

நூறாண்டு கடந்த பிறகும் இந்தப் பாடம் பழசாகவில்லை. 2018 மே 22, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100ஆம் நாள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூடுகளில் 13 பேர் பலியாயினர். அவர்களுள் ஒரு பெண் திரேஸ்புரத்தில் சுடப்பட்டவர். ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையமும் காவல்துறையின் அத்துமீறலைச் சுட்டிக்காட்டியது.

நமக்கான படிப்பினை இரு பக்கமும் வெட்டும். போராட அழைப்பவர்கள் கோரல் ஆலையை நினைக்கட்டும். அன்றாடம் உழைத்து உண்பவருக்கு வழி செய்தார்களா, பாதைக்கு உரிய ஹக்கைக் கொடுத்தார்களா, கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்கப் பொறுப்பாளர்கள் உண்டா என்று முதலில் பார்க்கட்டும். ஆட்சியாளர்களோ 1908 மார்ச்சை நினைக்கட்டும். குறையைக் கேட்க ஓர் அதிகாரியை அனுப்புவதற்கு ஆகும் செலவு குறைவு. கேட்க மறுத்ததற்கு ஊர் செலுத்தும் விலையோ, தலைமுறைகள் கடந்தும் தீராதது.